குளம் சிறியதா? – வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் ‘ஊருணி’ என்ற சொல்லைப் பற்றிக் கேட்டிருந்த ஒருவருக்குப் பதில் எழுதும்போது, ‘குளம் என்பது ஏரியைவிடச் சிறிய நீர்நிலை’ என்று ஒரு வரி எழுதிவிட்டேன். அதைப் படித்துவிட்டுத் தூத்துக்குடி, கோவை, கன்னியாகுமரி, கிளிநொச்சி எனப் பல இடங்களிலிருந்து வாசகர்கள் எழுதியிருக்கிறார்கள். அவர்கள் சொல்வதே சரி. வட மாவட்டங்களின் வழக்கை மட்டும் மனத்தில் வைத்து நான் எழுதிய அந்த வரி பிழையானது. தாமிரபரணிப் பாசனத்தில் விளைந்த நெல்லைத் தின்று வளர்ந்தவன் அப்படி எழுதியிருக்கக் கூடாது என்பதால், அது எனக்குக் கூடுதலாகவே உறுத்துகிறது. இந்த மாதப் பக்கங்களை முழுவதுமாகக் குளத்துக்கே ஒதுக்குகிறேன்.

“எங்கள் ஊர்க் குளத்தின் கரையில் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்து போக அரை மணி நேரம் ஆகும். அதன் தண்ணீரில் இரண்டு ஊர்களின் வயல்கள் விளைகின்றன. இதைச் சிறிய நீர்நிலை என்று எப்படிச் சொல்வது? ஏரிக்கும் குளத்துக்கும் என்னதான் வேறுபாடு?” (வாசகர், சாத்தான்குளம் வட்டம்)

அளவில் வேறுபாடு இல்லை. வழங்கும் வட்டாரத்தில்தான் வேறுபாடு இருக்கிறது. மழைநீரையோ ஆற்றிலிருந்து வாய்க்கால் வழியாக வரும் நீரையோ கரை போட்டுத் தேக்கி, மடை வழியாக வயலுக்கு விடும் நீர்நிலையைச் செங்கல்பட்டு, காஞ்சிபுரம், வேலூர், விழுப்புரம் பக்கங்களில் ஏரி என்கிறார்கள். மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம், விருதுநகர் பக்கங்களில் கண்மாய் என்கிறார்கள். திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி, கன்னியாகுமரி மாவட்டங்களிலும், மேற்கே கோவையிலும் அதையே குளம் என்கிறார்கள். ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டின் வடகால், தென்கால் என்னும் வாய்க்கால்கள் வயலுக்கு நேரே பாய்வதோடு நில்லாமல், வழியில் வரிசையாகக் குளங்களையும் நிரப்பிக்கொண்டு போகின்றன. தென்கால் பாசனத்தில் இருக்கும் கடம்பாகுளத்தை ஒருமுறை நேரில் பார்த்தவர் யாரும் குளம் என்ற சொல்லைச் சிறுமைக்கு அடையாளமாகக் கொள்ள மாட்டார். கோவையில் நொய்யல் ஆற்றுநீரைத் தேக்க அமைந்த உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம், குறிச்சிக் குளம், சிங்காநல்லூர்க் குளம் ஆகியவையும் பாசனத்துக்காகவே ஏற்பட்டவை. நகரம் வளர்ந்து அவற்றின் வயல்களை விழுங்கிய பிறகு, அவை வெறும் வேடிக்கை பார்க்கும் நீர்ப்பரப்பாக மக்கள் கண்ணுக்குத் தெரிகின்றன.

என் பிழைக்குக் காரணமான வடக்கத்தி வழக்கையும் சொல்லிவிட வேண்டும். அங்கே பாசனத்துக்கு ஏரி என்ற சொல் நிலைத்துவிட்டதால், கோயிலை ஒட்டிப் படிக்கட்டுகளோடு கட்டப்பட்ட நீர்நிலைக்கும் ஊர் நடுவே மக்கள் குளிக்கவும் துவைக்கவும் இருந்த நீர்நிலைக்கும் மட்டுமே குளம் என்ற பெயர் மிஞ்சியது. சென்னையில் வளர்ந்த ஒருவரிடம் குளம் என்று சொன்னால் மயிலாப்பூர்க் கோயில் குளமே அவர் நினைவில் தோன்றும். அதே சொல்லைத் திருநெல்வேலிக்காரரிடம் சொன்னால் பச்சை வயலும் மதகும் தோன்றும். கோயில் குளத்தைக் குறிப்பிட அவர் ‘தெப்பக்குளம்’ என்று ஓர் அடைமொழி சேர்த்தாக வேண்டியிருக்கிறது. ஒரு வட்டாரத்தில் அடைமொழி எதற்குத் தேவைப்படுகிறது என்று பார்த்தால், அடைமொழி இல்லாத வெறும் சொல் அங்கே எதைக் குறிக்கிறது என்பது விளங்கிவிடும். சொற்களைப் பழகியவர்களுக்கு இது நம்பகமான உரைகல்.

கோயில் குளங்களும் சிறியவை என்று பொதுவாகச் சொல்ல முடியாது. திருவாரூரைப் பற்றி ‘கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி, செங்கழுநீர் ஓடை ஐந்து வேலி’ என்று தஞ்சைப் பகுதியில் ஒரு வழக்கு உண்டு. ஒரு வேலி ஏறத்தாழ 6⅔ ஏக்கர். அப்படியானால் கமலாலயக் குளம் மட்டும் 33 ஏக்கருக்கு மேல் ஆகிறது. கோயிலுக்குச் சமமான இடத்தை அதன் குளத்துக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

அரசு ஆவணங்களில் இந்த வட்டாரப் பெயர்கள் எல்லாமே ஆங்கிலேயர் காலத்தில் ‘டேங்க்’ என்ற ஒரே சொல்லுக்குள் அடக்கப்பட்டன. தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 டேங்குகள் இருப்பதாகச் சொல்லும்போது ஏரி, கண்மாய், குளம், ஏந்தல், தாங்கல் எல்லாம் அந்தக் கணக்கில் சேர்ந்துவிடுகின்றன. 40 ஹெக்டேருக்கு மேல், அதாவது ஏறத்தாழ 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு (பாசனம் பெறும் நிலம்) உள்ளவை பொதுப்பணித் துறை வழிவந்த நீர்வளத் துறையின் பொறுப்பிலும், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியங்களின் பொறுப்பிலும் இருப்பது வழக்கம். அந்த டேங்க் என்ற சொல்லைத் திரும்பத் தமிழாக்கும்போது நேரும் விபத்து ஒன்றையும் இங்கே சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் மெய்ப்புத் திருத்த என்னிடம் வந்த ஒரு மொழிபெயர்ப்பில், பக்கத்துக்குப் பக்கம் ‘தொட்டிப் பாசனம்’ என்று இருந்தது. வீட்டு மாடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியிலிருந்து நெல்வயலுக்கு நீர் பாய்வதைப் போன்ற அந்தச் சொல்லை, நாற்பது இடங்களுக்கு மேல் அடித்துத் திருத்தினேன். அதைச் செய்தவர் படித்தவர், உழைப்பாளி. அவர் பிறந்து வளர்ந்த இடத்தில் குளம் இருக்கவில்லை, அவ்வளவே.

“குளம் என்பதற்கு அகராதியில் ‘நீர்நிலை’ என்று போட்டிருக்கிறது. குட்டை, பள்ளம், பொய்கை எல்லாவற்றுக்கும் அதே பொருள்தான் போட்டிருக்கிறார்கள். மாணவர்களுக்கு நான் எதை வைத்துப் பிரித்துக் காட்டுவது? பழைய இலக்கியத்தில் இதற்குத் தெளிவு உண்டா?” (தமிழாசிரியை, திருச்சி)

உண்டு. நீங்கள் கேட்டது இந்த மாதக் கடிதங்களிலேயே எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. குளத்தைப் பிரித்துக் காட்டுவது அதன் கரை. மண்ணில் தானாக விழுந்த பள்ளத்தில் தானாக நீர் நின்றால் அது குட்டை. இயற்கையாக அமைந்து, பூவும் தெளிநீருமாக இருப்பதைப் பொய்கை என்று பழைய உரைகள் பேசுகின்றன. நிலத்தின் சரிவைப் பார்த்து, ஓடிப்போகும் நீரை மறித்து, மனிதர்கள் கரை எழுப்பினால்தான் அது குளமாகிறது. கரையை எடுத்துவிட்டால் அங்கே குளம் இல்லை.

இதை வள்ளுவரே சொல்லியிருக்கிறார். சுற்றந்தழால் அதிகாரத்தில்,

அளவளா வில்லாதான் வாழ்க்கை குளவளாக்
கோடின்றி நீர்நிறைந் தற்று

என்று ஒரு குறள் வருகிறது. இங்கே கோடு என்பது கரை. உறவினரோடு மனம் கலந்து பழகாதவனுடைய வாழ்க்கை, கரையில்லாத குளப்பரப்பில் நீர் நிறைந்ததைப் போன்றது என்பது பொருள். இந்த உவமையை மாணவர்களுக்குச் சொல்லும்போது சற்று நின்று சொல்லுங்கள். கரையில்லாத இடத்தில் நீர் எப்படி நிறையும்? வந்த நீர் வந்த வேகத்தில் பரவி வடிந்து போகும். இருப்பதைப் போல ஒரு நாள் தோற்றம் காட்டும், மறுநாள் யாருக்கும் உதவாது. நீர் எவ்வளவு வந்தாலும் அதைக் குளமாக்குவது கரைதான் என்பது கேட்பவர் எல்லாருக்கும் முன்பே தெரிந்திருந்தால்தான் இந்த உவமை வேலை செய்யும். தெரிந்திருந்தது.

அதைவிடவும் நெருக்கமாகக் குளத்தைக் காட்டும் பாட்டு புறநானூற்றில் இருக்கிறது. பாரி இறந்த பிறகு அவனுடைய பறம்பு நாட்டைப் பார்த்துக் கபிலர் பாடிய ஐந்தே அடிகள்:

அறையும் பொறையும் மணந்த தலைய
எண்நாள் திங்கள் அனைய கொடுங்கரைத்
தெண்ணீர்ச் சிறுகுளம் கீள்வது மாதோ
கூர்வேல் குவைஇய மொய்ம்பின்
தேர்வண் பாரி தண்பறம்பு நாடே.

பாறையும் சிறு குன்றும் சேரும் இடத்தில், எட்டாம் நாள் பிறையைப் போல வளைந்த கரையை உடைய, தெளிந்த நீர் கொண்ட சிறு குளம், காப்பார் இல்லாமல் உடைகிறதே என்று புலம்புகிறார். எட்டாம் நாள் பிறை என்றால் பாதி நிலவு. இதைக் கரும்பலகையில் வரைந்து காட்டலாம். மேட்டு நிலத்திலிருந்து தண்ணீர் இறங்கி வருகிறது. இரண்டு பக்கமும் பாறையும் குன்றும் அதை அணைத்துக்கொள்கின்றன. மீதம் இருப்பது தாழ்வான ஒரு பக்கம்தான். அந்தப் பக்கத்தை மட்டும் வளைவாக மண் போட்டு அடைத்துவிட்டால், குறைந்த மண்ணில், குறைந்த உழைப்பில் நிறைந்த நீர் நிற்கும். நான்கு பக்கமும் கரை கட்டுவது கோயில் தெப்பக்குளத்துக்கு. பாசனக் குளத்துக்கு நிலமே பாதிக் கரை. இன்றைக்கும் உயரத்திலிருந்து பார்த்தால் தென் மாவட்டக் குளங்கள் பெரும்பாலும் பிறை வடிவிலேயே தெரியும். ஒரு புலவருடைய உவமையும் ஒரு பொறியாளருடைய வரைபடமும் இவ்வளவு துல்லியமாகப் பொருந்துவதை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

இன்னொன்றையும் கவனிக்கச் சொல்லுங்கள். கபிலர் ‘சிறுகுளம்’ என்கிறார். குளம் என்ற சொல்லிலேயே சிறுமை இருந்திருந்தால் ‘சிறு’ என்ற அடை அங்கே வேண்டியதில்லை. பெருங்குளம், சிறுகுளம் என்று இரண்டும் சொல்ல இடம் தரும் பொதுச்சொல்லாகவே அது இருந்திருக்கிறது.

பட்டினப்பாலையில் கரிகாலனைப் புகழும் இடத்தில் ‘காடு கொன்று நாடாக்கிக் குளம் தொட்டு வளம் பெருக்கி’ என்று வருகிறது. தொடுதல் என்றால் தோண்டுதல். ‘தொட்டனைத் தூறும் மணற்கேணி’ என்ற குறளில் வருவதும் அதே வினைதான். சிறுபஞ்சமூலத்தில் காரியாசான் ஐந்து அறங்களை அடுக்கும்போது ‘குளம்தொட்டுக் கோடு பதித்து’ என்று தொடங்குகிறார். உரைகாரர்கள் அங்கே கோடு என்பதற்கு மரக்கிளை என்று பொருள் கொண்டு, கரையைச் சுற்றி மரம் நடுவதைச் சொல்வார்கள். குறளில் கரையாக நின்ற சொல் இங்கே கிளையாக நிற்கிறது. கரையில் வேர் பிடித்து மண்ணை இறுக்கும் மரங்களும் குளத்தின் உறுப்புகளாகவே எண்ணப்பட்டன என்று நீங்கள் வகுப்பில் தாராளமாகச் சொல்லலாம்.

கரை மட்டும் போதாது, கரைக்கு உறுப்புகள் வேண்டும். நீரை வயலுக்கு விடும் வழி மடை அல்லது மதகு. நிறைந்த பிறகு மிச்ச நீர் கரையை உடைக்காமல் வெளியேறக் கல்லால் கட்டிய தாழ்வான இடம் கலிங்கு. கலுங்கு என்றும் சொல்வார்கள். நீர் தேங்கி நிற்கும் உட்பகுதி உள்வாய். பழைய குளங்கள் சிலவற்றில் உள்வாய்க்குள் இரண்டு கல்தூண்கள் தனியே நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அது குமிழித் தூம்பு. அதில் மேலே நீரோடித் துளையும் அடியில் சேறோடித் துளையும் உண்டு. நீர் பாயும்போது அடியில் படிந்த வண்டலும் சேர்ந்து வெளியேறி வயலுக்கு உரமாகப் போகும். குளமும் தூர்ந்து போகாது.

மடை திறப்பதைச் சிறு வயதில் பலமுறை பார்த்திருக்கிறேன். திறக்கிறவர் கரையில் நின்று வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, நிறைகுளத்துக்குள் மூச்சடக்கி முங்குவார். நாங்கள் மறுபுறத்தில், வாய்க்காலின் காய்ந்த தரையில் கால் வைத்துக் காத்திருப்போம். முதலில் தண்ணீர் வராது. உள்ளே அடைபட்டிருந்த காற்று ஒரு பெருமூச்சைப் போல வெளியே வரும், பிறகு சேற்றின் வாசம் வரும், அதற்குப் பிறகுதான் கலங்கிய நீர் விரல்களைத் தொடும். முங்கியவர் மேலே வந்து முகத்தைத் துடைக்கும் வரையில் கரையில் ஒருவரும் பேச மாட்டார்கள். குளம் என்ற சொல்லுக்கு ‘நீர்நிலை’ என்று ஒற்றைப் பொருள் எழுதிய அகராதியைப் பார்க்கும்போதெல்லாம் அந்த மௌனம் எனக்கு நினைவு வருகிறது.

“குளிப்பதற்கு இருப்பதால் குளம் என்று பெயர் வந்தது என்று ஒரு சொற்பொழிவில் கேட்டேன். சரிதானா?” (வாசகர், சேலம்)

கேட்க நன்றாக இருந்தாலும் பழைய பயன்பாடு அதற்குத் துணை நிற்கவில்லை. மேலே காட்டிய பாடல்களில் எங்குமே குளம் குளிக்கும் இடமாகப் பேசப்படவில்லை. நாட்டை வளமாக்கும் இடமாகவே பேசப்படுகிறது. மலையாளத்தில் இதே குளம், கன்னடத்தில் கொள, தெலுங்கில் கொலனு என்று இந்தச் சொல் நம் மொழிக் குடும்பத்தில் பரவிக் கிடக்கிறது. குளம் என்பதற்கு நெற்றி என்றும் வெல்லம் என்றும் வேறு பொருள்களை அகராதிகள் தருகின்றன. இன்றைய பேச்சில் அவை இல்லை.

“சென்னையில் கொளத்தூர் என்றும் மற்ற ஊர்களில் குளத்தூர் என்றும் எழுதுகிறார்கள். எது சரி? ‘குளத்தங்கரை’ சரியா, ‘குளக்கரை’ சரியா?” (கல்லூரி மாணவர், தாம்பரம்)

முதல் எழுத்தில் உகரமும் அடுத்த எழுத்தில் அகரமும் வந்தால், பேச்சில் உகரம் ஒகரமாக இறங்குவது தமிழில் பரவலாக உள்ள இயல்பு. குடம் கொடமாகிறது, புடவை பொடவையாகிறது, உலக்கை ஒலக்கையாகிறது. அப்படியே குளம் கொளமாகிறது. சில ஊர்ப் பெயர்கள் எழுத்துக்கு ஏறும்போது பேச்சு வடிவத்தோடு ஏறிவிட்டன, சில எழுத்து வடிவத்தோடு ஏறின. ஊர்ப் பெயரை அந்த ஊரார் எழுதுகிறபடி எழுதுவதே முறை. பொதுச்சொல்லாக எழுதும்போது குளம் என்றே எழுத வேண்டும்.

குளக்கரை, குளத்தங்கரை இரண்டும் சரி. குளம் என்பதோடு அத்து, அம் என்னும் சாரியைகள் சேர்ந்து, ஆற்றங்கரையைப் போலக் குளத்தங்கரை ஆகிறது. செய்தி எழுதும்போது குளக்கரையும், கதை சொல்லும்போது குளத்தங்கரையும் தானாகவே வந்து அமரும். குலம் என்று எழுதிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்குக் குடி, மரபு என்று பொருள். மடத்துக்குளம், முதுகுளத்தூர், விளாத்திகுளம் போன்ற பெயர்களில் இந்தப் பிழையை அச்சில் அடிக்கடி பார்க்கிறேன்.

“நாங்கள் வாவி, கேணி, குளம் மூன்றையும் வேறுவேறாகச் சொல்வோம். அங்கே எப்படி? வன்னியில் ஊர்ப் பெயர்கள் பாதி குளத்தில் முடிவதை நீங்கள் எழுத வேண்டும்.” (வாசகி, கிளிநொச்சி)

எழுதுகிறேன், அம்மா. வவுனியாவிலிருந்து கிளிநொச்சிக்கு ஏ-9 வீதியில் வருகிறவருக்கு வழிகாட்டிப் பலகைகளே போதும்: புளியங்குளம், கனகராயன்குளம், மாங்குளம் என்று வரிசையாக வரும். மன்னாரில் கட்டுக்கரைக் குளம், முல்லைத்தீவில் முத்தையன்கட்டுக் குளம், வவுனிக்குளம், உங்கள் ஊரில் இரணைமடுக் குளம் என இவை எல்லாம் ஆயிரக்கணக்கான ஏக்கர் வயலுக்கு நீர் தருகிறவை. வட மாகாணத்தின் மிகப் பெரிய நீர்த்தேக்கங்களுள் ஒன்றுக்கு இரணைமடுக் குளம் என்று பெயர் வைத்து நாள்தோறும் புழங்குகிறவர்களிடம், குளம் சிறியது என்று நான் எழுதிய வரி போய்ச் சேர்ந்ததை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

கேணி என்றால் தமிழ்நாட்டின் பல பகுதிகளில் இன்று கிணறு. ஆனால் சிறு குளம் என்ற பொருளும் அதற்கு உண்டு. சென்னைத் திருவல்லிக்கேணியின் பெயரில் இருப்பது அல்லி பூத்த குளந்தான். உங்கள் பக்கம் அந்தப் பழைய பொருளைக் கைவிடவில்லை. வாவி என்பது வடமொழி வாபியிலிருந்து வந்தது. தமிழ்நாட்டில் அது செய்யுளோடு நின்றுவிட்டது, உங்கள் நாட்டில் மட்டக்களப்பு வாவி போன்ற பெயர்களில் உயிரோடு பரந்து கிடக்கிறது; சிங்களத்தில் குளத்தைக் குறிக்கும் ‘வெவ’ என்ற சொல்லும் அதே வேரிலிருந்து வந்ததே.

உங்கள் கடிதத்தில் ‘குளம் வான் பாய்ந்தது’ என்று ஒரு தொடர் இருந்தது. எங்கள் வாசகர்களுக்கு அது புதிது. நிறைந்த குளத்திலிருந்து மிகை நீர் வழிவதைச் செங்கல்பட்டில் ‘ஏரி கோடி விட்டது’ என்பார்கள், திருநெல்வேலியில் ‘குளம் மறுகால் பாய்கிறது’ என்பார்கள், ஈழத்தில் ‘வான் பாய்கிறது’ என்கிறீர்கள். கலிங்கின் கதவு உங்களுக்கு வான்கதவு. மூன்று இடத்திலும் அந்தச் செய்தியைச் சொல்கிற குரலில் ஒரே மகிழ்ச்சி இருக்கும். மறுகால் என்ற சொல்லில் இன்னொரு நுட்பமும் உண்டு. ஒரு குளத்துக்கு நீர் கொண்டு வரும் கால் ஒன்று. நிறைந்த பிறகு அடுத்த குளத்துக்கு நீரைக் கொண்டு போகும் கால் மறுகால். மேல் குளம் நிறைந்தால் கீழ்க்குளத்துக்குத் தண்ணீர் புறப்பட்டுவிட்டது என்று பொருள். திருநெல்வேலிப் பக்கம் மறுகால்குறிச்சி, மறுகால்தலை என்று ஊர்களே இருக்கின்றன.

“‘ஒரே குட்டையில் ஊறிய மட்டை’ என்பதில் மட்டை எங்கிருந்து வந்தது? குட்டைக்குப் பதில் குளம் என்று சொன்னால் என்ன?” (வாசகர், நாகர்கோவில்)

கீற்று முடையவும் கயிறு திரிக்கவும் தென்னை மட்டையைத் தண்ணீரில் ஊறப்போடுவது உங்கள் மாவட்டத்தில் நேற்றுவரை கண்ணால் பார்த்த காட்சி. ஊறிய மட்டைகள் எந்த மரத்திலிருந்து வந்தாலும் ஒரே நிறமும் ஒரே வாடையும் கொண்டுவிடும். அதனால்தான் ஒரே குணமுடைய இருவரை அப்படிச் சொல்கிறோம். அதற்குத் தேங்கி நாறும் நீர் வேண்டும். வயலுக்கும் ஆடுமாடுகளுக்கும் பயன்படும் குளத்தில் மட்டையை ஊறப்போட ஊரார் விட மாட்டார்கள். எனவே பழமொழி குட்டை என்ற சொல்லைத் தெரிந்தேதான் எடுத்துக்கொண்டது. ‘குட்டையைக் குழப்பி மீன் பிடிப்பது’ என்பதும் அப்படியே: கலக்கினால் கலங்கிப்போகும் அளவுக்குச் சிறியதாக இருந்தால்தான் அந்த வேலை நடக்கும். அரசுத் திட்டங்களில் வரும் பண்ணைக்குட்டை, கசிவுநீர்க் குட்டை என்ற பெயர்களும் பொருத்தமாகவே அமைந்தவை.

குளத்தின் பேரில் வழங்கும் தொடர்கள் வேறு வகை. ‘கண்கள் குளமாயின’ என்கிறோம். நீர் இமைக் கரையில் தளும்பி நிற்கிறது, இன்னும் வழியவில்லை. வழிந்துவிட்டால் குளமாயின என்று எழுதக் கூடாது. கண்ணீர் வடிந்தது என்றுதான் எழுத வேண்டும். கதை எழுதுகிறவர்கள் இதைக் கவனித்தால் நல்லது. மழைக்குப் பிறகு ‘தெரு குளமாகிவிட்டது’ என்பதில் மட்டும் கரையின் நினைவு மறைந்து வெறும் தேக்கம் நிற்கிறது. நாளிதழ்கள் அதைத் தொடர்ந்து எழுதி எழுதி, அது ஒன்றே சொல்லின் பொருளாகிவிடுமோ என்று எனக்கு அச்சமாக இருக்கிறது.

“எங்கள் ஊர்க் குளம் ஆண்டில் எட்டு மாதம் வறண்டு கிடக்கிறது. பிள்ளைகள் அங்கே கிரிக்கெட் ஆடுகிறார்கள், ‘கிரவுண்டு’ என்றே சொல்கிறார்கள். ‘தண்ணீரே இல்லை, அதைப்போய்க் குளம் என்கிறீர்களே’ என்று என் பேரன் கேட்கிறான். தண்ணீர் இல்லாத குளத்தைக் குளம் என்று சொல்லலாமா?” (வாசகர், ஆலங்குளம்)

சொல்லலாம், சொல்ல வேண்டும். பேரனுக்கு ஔவையாரின் மூதுரையிலிருந்து ஒரு வெண்பாவைச் சொல்லுங்கள்:

அற்ற குளத்தின் அறுநீர்ப் பறவைபோல்
உற்றுழித் தீர்வார் உறவல்லர் - அக்குளத்தில்
கொட்டியும் ஆம்பலும் நெய்தலும் போலவே
ஒட்டி உறுவார் உறவு.

நீர் வற்றியதும் பறந்து போகும் பறவையைப் போன்றவர் உறவினர் அல்லர். அங்கேயே கிடக்கும் கொட்டி, ஆம்பல், நெய்தல் கொடிகளைப் போன்றவரே உறவினர் என்கிறது பாட்டு. நம் கேள்விக்கு வேண்டியது அதன் முதற்சொற்கள்: ‘அற்ற குளம்.’ நீர் முழுவதும் அற்றுப்போன பிறகும் ஔவையார் அதைக் குளம் என்றே அழைக்கிறார். கரையும் மடையும் வரத்துக்காலும் இருக்கும் வரையில் அது குளந்தான். தண்ணீர் வந்து தங்கிப் போகும். சொல்லப்போனால் வறண்ட மாதங்களில்தான் குளத்துக்கு வேலை அதிகம். உள்வாயில் படிந்த கரம்பை மண்ணை வண்டியில் அள்ளி வயலுக்கு அடிப்பதும், கரையில் நண்டு வளைகளை அடைப்பதும், மடைக்கல் நகர்ந்திருக்கிறதா என்று உள்ளே இறங்கிப் பார்ப்பதும் அப்போதுதான் முடியும். குடிமராமத்து என்று ஊரார் கூடிச் செய்துவந்த வேலைகள் இவை. அதைக் ‘கிரவுண்டு’ என்று மட்டுமே கேட்டு வளர்கிற பிள்ளை, நாளைக்கு அங்கே ஒரு கட்டடம் எழும்பினால் ஒரு கிரவுண்டு போயிற்று என்றுதான் நினைப்பான்.

ஔவையார் அந்த மூன்று கொடிகளைச் சும்மா தேர்ந்தெடுக்கவில்லை. கொட்டிக்கும் ஆம்பலுக்கும் மண்ணுக்கடியில் கிழங்கு உண்டு. சேறு காய்ந்து பாளம் பாளமாக வெடித்த பிறகும் கிழங்கு அடியில் உயிரோடு கிடந்து, அடுத்த மழைக்குத் துளிர்க்கும். கொட்டிக் கிழங்கை அவித்துத் தின்றவர்கள் உங்கள் தலைமுறையில் இருப்பார்கள். பேரன் அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆடப் போகும்போது நீங்களும் கூடப் போய், உள்வாயில் ஈரம் கடைசியாகக் காய்ந்த பள்ளமான இடத்தில் ஒரு முழம் தோண்டிப் பாருங்கள். கிழங்கு கிடைத்தால் அவன் கையாலேயே எனக்கு ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்.